பச்சைக் குழாய் யார் வீட்டு முற்றத்தில்?

“எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்கள் என்று ஏற்கெனவே கேலி பேசுகிறார்கள். இப்போது மண்ணுக்கடியில் கிடக்கும் ஆர்சனிக்கிலும் சாதியா?” கங்கைச் சமவெளியின் தண்ணீரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியானதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

முதலில் அவர் பக்கத்து உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம். பீகாரின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது 2002இல் போஜ்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயர் செம்ரியா ஓஜா பட்டி. ஓஜா என்பது பார்ப்பனப் பட்டப்பெயர். தன் குடும்பத்திலேயே சாவுகளைப் பார்த்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனதால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆக, குழாயில் வரும் நஞ்சு பூணூலைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. ஆனால் அதே போஜ்பூரில் முசஹர் டோலாக்களும் இருக்கின்றன. எலி பிடிப்பவர்கள் என்று பெயரிலேயே இழிவு சுமத்தப்பட்ட மக்கள் அவர்கள். அந்த டோலாவிலிருந்து ஒருவர் பாட்டிலில் தண்ணீரை அடைத்துக்கொண்டு பல்கலைக்கழக வாசல்வரை போயிருந்தால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்? நஞ்சு எல்லோருக்கும் வருகிறது. அதிலிருந்து வெளியேறும் வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாடாணம் என்று அழைத்த பொருள் ஆர்சனிக்கின் ஒரு வடிவம்தான். இமயமலைப் பாறைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டு, கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டலில் இது இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒட்டிக்கிடக்கும்வரை ஆபத்தில்லை. காற்றுப் புகாத ஆழத்தில், மக்கிய தாவரப் பொருட்களைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் சேர்ந்து தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பொதுவாக, இளம் வண்டல் படிந்த மேலடுக்கில்தான் ஆபத்து அதிகம். 150 மீட்டருக்குக் கீழே இருக்கும் பழைய படிவுகளின் தண்ணீர் பெரும்பாலும் நல்லது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். மேலே நஞ்சு, கீழே நல்ல தண்ணீர். மேலே தோண்டச் செலவு குறைவு, கீழே தோண்டச் செலவு அதிகம். இந்தக் கதையின் அரசியல் முழுவதும் அந்த 150 மீட்டர் இரும்புக் குழாய்க்குள்தான் இருக்கிறது.

வங்காளத்து மக்கள் காலங்காலமாகக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தவர்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970களில் யுனிசெஃப் நிறுவனமும் வங்கதேச அரசும் சேர்ந்து ஊர் ஊராக அடிகுழாய்களை இறக்கின. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. குழந்தைச் சாவுகள் குறைந்ததில் அந்தக் குழாய்களுக்கும் பங்குண்டு. அடிகுழாய் அங்கே சீக்கிரமே வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அரசு போட்டவற்றைவிட மக்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்துப் போட்டுக்கொண்டவையே அதிகம்.

இதில் வேறொன்றும் நடந்தது. சொந்த முற்றத்தில் ஒரு அடிகுழாய் என்பது ஒடுக்கப்பட்ட குடும்பத்துக்கு வெறும் வசதி அல்ல. ஜமீன்தாரின் குளத்தங்கரையில் ஒதுங்கி நிற்க வேண்டாம், ஆதிக்கசாதி வீட்டுப் பெண் வந்து தூக்கி ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற விடுதலை அது. மஹாத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் சவதார் குளத்துக்கு நடந்துபோய் எதைக் கேட்டார்களோ, அதன் ஒரு துண்டை மலிவான இரும்புக் குழாய் ஒன்று வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்தது. அந்தக் குழாய்தான் நஞ்சைக் கக்கியது. இந்தக் கொடுமையை வெறும் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1983இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா மேற்கு வங்கத்தின் முதல் நோயாளியை அடையாளம் கண்டார். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோலக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணிபோலக் கெட்டிப்பட்ட தடிப்புகள். 1987க்குள் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்து வந்த நோயாளிகளும் அதே புள்ளிகளோடு கண்டறியப்பட்டுவிட்டார்கள். ஆனால் வங்கதேச அரசு தன் மண்ணில் ஆர்சனிக் இருப்பதை உறுதிசெய்தது 1993இல்தான். 1997இல்கூட, நாட்டின் 80 விழுக்காடு மக்களுக்குப் ‘பாதுகாப்பான’ தண்ணீர் கிடைத்துவிட்டது என்று யுனிசெஃப் பெருமையோடு அறிவித்துக்கொண்டிருந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1980களின் இறுதியிலிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீரையும் முடியையும் நகத்தையும் சேகரித்துச் சோதித்தார். 2018இல் இறக்கும்வரை அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய எச்சரிக்கைகளை அதிகாரிகள் வெகுகாலம் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை ஒன்று, வரலாற்றில் ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் இது என்றது. வங்கதேசத்தில் மட்டும் 3.5 கோடியிலிருந்து 7.7 கோடி மக்கள்வரை ஆபத்தில் இருப்பதாக அது கணக்கிட்டது.

1983க்கும் 2000க்கும் நடுவில் 17 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, குடித்து, வளர்ந்து, உள்ளங்கையில் தடிப்போடு வேலைக்குப் போகும் வயது அது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வங்காளத்தின் ஆர்சனிக் வரைபடத்தை ஒரு கையிலும் நாமசூத்திரர்களின் வரலாற்றை இன்னொரு கையிலும் வைத்துப் பாருங்கள். சண்டாளர் என்று அழைக்கப்பட்ட மக்கள், பரீத்பூர், பாகர்கஞ்ச் பகுதிகளில் 1872–73இல் ஆதிக்கசாதிகளுக்கு இனி வேலை செய்யமாட்டோம் என்று பெரும் வேலைநிறுத்தம் நடத்தியவர்கள். 1911 கணக்கெடுப்பில் தங்கள் பெயரை நாமசூத்திரர் என்று மாற்ற வைத்தவர்கள். ஹரிசந்த் தாக்கூர் தொடங்கி, அவர் மகன் குருசந்த் தாக்கூர் கல்வி இயக்கமாக வளர்த்தெடுத்த மதுவா இயக்கத்தின் பிறப்பிடம் ஓராகாந்தி. இன்றைய வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் மாவட்டத்தில் அந்த ஊர் இருக்கிறது. கோபால்கஞ்ச், பரீத்பூர், மதாரிபூர், ஜெசோர் எல்லாமே ஆர்சனிக் கடுமையாகப் பாதித்த மாவட்டங்கள். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குள் அண்ணல் அம்பேத்கர் நுழைய எந்த மாகாணமும் கதவைத் திறக்காதபோது, ஜோகேந்திரநாத் மண்டலும் வங்காளத்துப் பட்டியல் சாதி உறுப்பினர்களும்தான் தங்கள் வாக்குகளால் அவரை அனுப்பிவைத்தார்கள். அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய மக்கள் அவர்கள்.

பிரிவினைக்குப் பின் அவர்களில் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டினார்கள். கையில் காசும் கல்வியும் இருந்த ஆதிக்கசாதி அகதிகள் கல்கத்தாவைச் சுற்றிக் குடியேற்றங்களை அமைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த நாமசூத்திரர்களில் ஒரு பகுதியினரை அரசு தண்டகாரண்யத்துக்குத் துரத்தியது. அங்கிருந்து திரும்பி வந்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியவர்களை 1979 ஜனவரியில் இடதுசாரி அரசின் காவல்துறை படகுகளால் சுற்றி வளைத்து, உணவும் தண்ணீரும் போகாமல் முற்றுகையிட்டது. (வங்கத்து இடதுசாரித் தோழர்களிடம் இதைக் கேட்டால் இன்றும் பேச்சை மாற்றுவார்கள்.) எஞ்சியவர்கள் எல்லையோரத்தில், வடக்கு 24 பர்கானா, நதியா மாவட்டங்களில் வேரூன்றினார்கள். மதுவாக்களின் புதிய தலைமையிடமாக தாக்கூர்நகர் உருவானது. அது இருக்கும் ஒன்றியம் காய்காட்டா. ஆர்சனிக் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டுகிறவர்களுக்கு காய்காட்டா என்ற பெயர் புதிதல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் நெல்லிலும் ஆர்சனிக்கை அளந்து பார்க்க ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போகும் ஒன்றியங்களில் அதுவும் ஒன்று.

நஞ்சு கலந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, நஞ்சு கலந்த இன்னொரு மண்ணில் வந்து இறங்கியிருக்கிறார்கள். நிலவியல்தான் காரணம், யாரும் திட்டமிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அகதியாக வந்தவர்களில் யாருக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வரும் இடம் கிடைத்தது, யாருக்கு அடிகுழாயை நம்பி வாழும் எல்லையோர வயல்வெளி கிடைத்தது என்பதை நிலவியல் தீர்மானிக்கவில்லை. 2021 மார்ச்சில் இந்தியப் பிரதமர் ஓராகாந்திக்கே போய் வழிபட்டார். தாக்கூர்நகருக்கு எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்து போகிறார்கள். குடியுரிமைச் சட்டத்தைக் காட்டி வாக்குக் கேட்கிறார்கள். அந்த மேடைகளில் வைக்கப்படும் தண்ணீர் பாட்டில் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை.

இப்போது அந்த 150 மீட்டர் குழாய்க்கு வருவோம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்கதேசம் ஏறக்குறைய 50 லட்சம் அடிகுழாய்களைச் சோதித்தது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் குழாயின் மூக்கில் சிவப்பு வண்ணம், குறைவாக இருந்தால் பச்சை. சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1993இலேயே வரம்பை 10 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது. வங்கதேசம் 50ஐப் பிடித்துக்கொண்டது. இந்தியாவின் 2012 தர அளவும் 10 என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாத இடத்தில் 50 வரை போகலாம் என்றது. வேறு வழியில்லாதவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் குழாயில் 45 இருந்தாலும் அது பச்சைதான்.

சிவப்புக் குழாய்க்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை எளிமையானது: பக்கத்தில் இருக்கும் பச்சைக் குழாயில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளரின் வரைபடத்தில் பார்த்தால் சிவப்புப் புள்ளிக்கும் பச்சைப் புள்ளிக்கும் நடுவில் நூறு மீட்டர்கூட இருக்காது. நல்ல யோசனைதான், பலருடைய உயிரைக் காப்பாற்றிய யோசனையும்கூட. ஆனால் அந்தப் பச்சைக் குழாய் யார் வீட்டு முற்றத்தில் இருக்கிறது? எந்தத் தெருவில் இருக்கிறது? இன்னொருவர் வாசலில் போய்த் தண்ணீருக்கு நிற்கும் நிலைமையிலிருந்து தப்பிக்கத்தானே அந்தக் குடும்பம் கடன்பட்டுச் சொந்தக் குழாய் போட்டது? தண்ணீர் எடுக்கப் போகிறவர் பெண். குடத்தை எங்கே வைக்கலாம், குழாயை யார் கை தொடலாம், அவர் எடுத்துப் போனபின் கழுவிவிடுவார்களா என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை. 2006இல் வெளியான ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ என்ற ஆய்வு, 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் விசாரித்து, 48.4 விழுக்காடு கிராமங்களில் பொது நீர்நிலைகள் தலித்துகளுக்கு மறுக்கப்படுவதைப் பதிவுசெய்தது. பீகாரும் அந்த ஆய்வில் உண்டு. வங்கதேசம் முஸ்லிம் பெரும்பான்மை நாடு, அங்கே சாதி ஏது என்று கேட்பவர்கள் ஜெசோர், குல்னா, சாத்கிராப் பகுதிகளின் ரிஷி சமூகத்தவரிடம் கேட்கட்டும். தோல் தொழில் செய்தவர்கள் என்பதற்காக அவர்களுக்குத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்த கதையைச் சொல்வார்கள்.

அரசு போடும் ஆழ்குழாய்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்க வேண்டும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். வங்கதேசத்தில் புதிய அரசுக் குடிநீர்க் குழாய்களில் பாதி எங்கே போக வேண்டும் என்பதை நாடாளுமன்ற உறுப்பினர் சொல்லலாம். மீதிப் பாதியில் உள்ளூர்த் தலைவர்களின் கை. விளைவு, குழாய் ஆதரவாளர் வீட்டு முற்றத்தில் இறங்குகிறது, சுற்றுச்சுவருக்குள் போய்விடுகிறது. மோசமாகப் பாதித்த ஊர் காத்திருக்க, நல்ல தண்ணீர் உள்ள ஊரில் இன்னொரு ஆழ்குழாய். ஆர்சனிக் தொடர்பான நோய்களால் ஆண்டுக்குச் சுமார் 43,000 பேர் சாகிறார்கள் என்ற மதிப்பீடும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அறிவியலாளர்கள் எந்த ஆழத்தில் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். பணமும் ஓரளவு வந்தது. குழாயை எந்த இடத்தில் நடுவது என்ற கடைசி முடிவில் எல்லாம் வீணானது. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவில் கட்டப்படுகிறது என்பதைக் கவனித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடம்பில் புள்ளி வந்தபின் நடப்பது இன்னும் கொடூரம். தொழுநோய் என்று நினைத்தார்கள், சாபம் என்றார்கள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். திருமணமான பெண்கள் பிறந்த வீட்டுக்கு விரட்டப்பட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் தள்ளி உட்கார வைத்தார்கள். தோலைப் பார்த்து மனிதரை ஒதுக்கும் பழக்கத்தை இந்தச் சமூகம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுப் பயிற்சி கைவசம் இருந்தது. இங்கே எனக்கு மஹாத்தின் இன்னொரு பாதி நினைவுக்கு வருகிறது. தீண்டப்படாதவர்கள் தொட்ட குளத்தைப் ‘புனிதப்படுத்த’ 108 குடங்களில் தண்ணீரை எடுத்துக் கொட்டி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து மந்திரம் ஓதினார்கள். இல்லாத தீட்டை நீக்க இத்தனை சடங்கு வைத்திருந்த நாடு, இருக்கிற நஞ்சை அளக்க ஒரு சோதனைத் தாளை ஊருக்கு அனுப்பப் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

குடிதண்ணீரோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சோற்றைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் நாமும் சோறு தின்கிறவர்கள்.

மழையை நம்பி விளைந்த ஆமன் நெல் வங்காளத்தின் பழைய பயிர். பசுமைப் புரட்சியோடு கோடையில் விளையும் போரோ நெல் பரவியது. அதற்கு மழை இல்லை, ஆழம் குறைந்த குழாய்களில் மோட்டார் வைத்து உறிஞ்சிய நிலத்தடி நீர்தான். பயிர் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். அப்படிப் பாயும் நீரோடு வங்கதேச வயல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டன் ஆர்சனிக் வந்து சேர்கிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. வெள்ளம் வரும் ஆண்டில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்படும், மீதி மண்ணில் தங்கும். மற்ற தானியங்களைவிட நெல்லுக்கு இதில் தனிச் சாபம். நீர் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றில் ஆர்சனிக் கரையும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. நெற்பயிர் தன் தண்டை உறுதியாக்கச் சிலிக்கானை நிறைய உறிஞ்சும். அந்த வடிவ ஆர்சனிக் வேரின் கண்ணுக்குச் சிலிக்கான் போலவே தெரிவதால், அதே வாசல் வழியாக உள்ளே போய்விடுகிறது. வேரில் மிக அதிகம், வைக்கோலில் அதைவிடக் குறைவு, உமியில் இன்னும் குறைவு, அரிசியில் எல்லாவற்றிலும் குறைவு. வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. நெல்லைப் புழுங்கவைப்பதும் அதே தண்ணீரில் என்றால் அரிசியில் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் என்பது 2014இல் கோடெக்ஸ் வகுத்த உலக வரம்பு. கூலிவேலை செய்யும் ஒரு வங்காளி நாளைக்கு 450 கிராம் அரிசி தின்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரம்புக்கு உட்பட்ட, ‘சட்டப்படி நல்ல’ அரிசியே அவர் உடம்புக்குள் 90 மைக்ரோகிராம் ஆர்சனிக்கைக் கொண்டுபோகும். 10 மைக்ரோகிராம் வரம்புள்ள தண்ணீரை ஒன்பது லிட்டர் குடிப்பதற்குச் சமம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் தன் குழந்தைகளுக்கான அரிசி உணவுக்கு இந்த வரம்பை 0.1 ஆகக் குறைத்துக்கொண்டது. எப்போதாவது ஒரு கிண்ணம் அரிசிக் கூழ் குடிக்கும் குழந்தைக்கு அவ்வளவு கவனம். மூன்று வேளையும் சோறே உணவாக இருக்கும் காய்காட்டா குழந்தைக்கு அது இல்லை.

தட்டில் சோறு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்பது வர்க்கத்தையும் சாதியையும் பொறுத்தது. மீனும் முட்டையும் பருப்பும் கீரையும் உள்ள தட்டில் சோறு கொஞ்சமாக இருக்கும். அவை இல்லாத தட்டில் சோறுதான் மலைபோல் இருக்கும். அதோடு இன்னொன்று: உடம்பு ஆர்சனிக்கை மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றப் புரதமும் ஃபோலேட்டும் வேண்டும். வங்கதேசத்தில் ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரத்தத்தில் ஆர்சனிக் அளவு குறைந்தது. மேற்கு வங்கத்தில், விலங்குப் புரதமும் கால்சியமும் குறைவாகக் கிடைத்தவர்களுக்குத் தோல் நோய் வரும் ஆபத்து அதிகமாக இருந்தது. அதாவது ஒரே குழாயில் ஒரே அளவு குடித்தாலும், நன்றாகத் தின்கிறவர் உடம்பு நஞ்சை ஓரளவு வெளியே தள்ளும். பட்டினி உடம்பு உள்ளேயே வைத்துக்கொள்ளும். முட்டையையும் மாட்டிறைச்சியையும் ஏழைகளின் தட்டிலிருந்து பிடுங்கும் உணவு அரசியலை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சமையலிலும் ஒரு கதை உண்டு. அரிசியை நன்றாகக் களைந்து, ஆறு பங்கு தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்சனிக்கில் பாதிக்கும் மேல் போய்விடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சமைக்கும் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நஞ்சுள்ள தண்ணீரில் வேகவைத்தால் சோறு இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். நம் பாட்டிகளைப் போலவே வங்கத்துப் பாட்டிகளும் வடித்துத்தான் சமைத்தார்கள். அந்த வடிகஞ்சிக்கு வங்காளியில் ‘ஃபேன்’ என்று பெயர். 1943 பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளில் வீடு வீடாகப் போய் மக்கள் சோறு கேட்கவில்லை, ஃபேன் கொடுங்கள் என்றுதான் கெஞ்சினார்கள். வடித்துக் கொட்டிவிடுங்கள் என்ற அறிவியல் அறிவுரை சரியானது. கொட்டிய கஞ்சி எங்கே போகிறது, அது மாட்டுக்கா, அந்த வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கா என்று கேட்கத் தோன்றினால் நீங்கள் இந்தக் கட்டுரையைச் சரியாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வயல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பும் பச்சையும் பூசியது வீட்டுக் குழாய்களுக்கு. பாசனக் குழாய்களுக்கு யாரும் வண்ணம் பூசவில்லை. நாற்று நடும் கூலிப் பெண் வெயிலில் தாகம் எடுத்தால் கைநிறைய ஏந்திக் குடிப்பது மோட்டார் வாயில் கொட்டும் தண்ணீரைத்தான். வீட்டில் வடிகட்டி வைத்திருந்தாலும் வேலை நேரத்தில் அது கூட வராது. மண்ணில் ஆர்சனிக் ஏற ஏற விளைச்சலும் குறைகிறது. நிலம் வேறொருவருடையது, மோட்டாரும் வேறொருவருடையது என்னும்போது, குத்தகைக்கு உழுகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுத்துத் தன் விளைச்சலைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

யாராவது பொறுப்பேற்றார்களா? பிரித்தானிய நிலவியல் ஆய்வகம் 1992இல் வங்கதேசத்தின் சுமார் 150 கிணறுகளில் தண்ணீரை எடுத்துப் பல தனிமங்களுக்காகச் சோதித்தது. ஆர்சனிக்கை மட்டும் பார்க்கவில்லை. அந்த அறிக்கை எங்களுக்குத் தண்ணீர் நல்லது என்ற நம்பிக்கையைக் கொடுத்தது என்று பிரம்மன்பாரியா மாவட்டக் கிராமத்தவர் ஒருவர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். பிரபுக்கள் சபைவரை போன வழக்கு 2006இல் தள்ளுபடியானது. நாட்டின் குடிநீர் விநியோகம் ஆய்வகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, எனவே அந்த மக்கள்மீது அதற்குக் கடமை எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நுணுக்கப்படி சரியாக இருக்கலாம். குழாய் போட்டவர் சோதிக்கவில்லை, சோதித்தவர் அதைப் பார்க்கவில்லை, பார்த்துச் சொன்னவர் பேச்சை அரசு கேட்கவில்லை. கடைசியில் குடித்தவர்தான் பொறுப்பு என்றாகிவிட்டது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி ஃபுளூரைடு பற்களையும் எலும்பையும் தின்றபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் வடிகட்டி கொடுத்துவிட்டு அரசு கைகழுவவில்லை. தாமதமானாலும் ஒகேனக்கலில் இருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. மேற்கு வங்கத்தில் ஊர்களில் வைக்கப்பட்ட ஆர்சனிக் நீக்க நிலையங்கள் பல, பராமரிக்க ஆளில்லாமல் சில ஆண்டுகளிலேயே செத்துப்போயின. மழையும் பெரும் ஆறுகளும் உள்ள நாட்டில் ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொடுப்பதுதான் நிலையான வழி. அந்தக் குழாய் ஊரின் எந்த முனையிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் நாம் தலையிட முடியும். டோலாவிலிருந்து தொடங்கட்டும். ஆழ்குழாய் போட்ட ஒவ்வொரு இடத்தையும் குடியிருப்பின் பெயரோடு பொதுவில் வெளியிடட்டும். அங்கன்வாடி உலையில் வைக்கும் தண்ணீரையும் அரிசியையும் சோதித்துச் சுவரில் எழுதட்டும். கோடைப் போரோவுக்குப் பதிலாகப் பருப்போ மற்ற தானியங்களோ போடும் குத்தகைதாரருக்கு விலை உறுதி கொடுக்கட்டும். ஆர்சனிக் நோய்க்கு நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை, நல்ல தண்ணீரும் நல்ல உணவும்தான் மருந்து. தோலில் புள்ளியோடு நிற்காமல் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாக அது வெளிப்பட இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். வங்கதேசத்தின் ஆராய்ஹஜார் பகுதியில் ஏறக்குறைய 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களில் ஐந்தில் ஒருவரின் சாவுக்கு ஆர்சனிக் காரணமாக இருந்தது. இன்று குழாயை மாற்றினாலும் நேற்றுக் குடித்ததற்கான மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இழப்பீடு என்ற சொல்லை அங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நண்பருக்கு நான் கடைசியாகச் சொன்னது வேறு. மால்டாவும் முர்ஷிதாபாத்தும் ஆர்சனிக் மாவட்டங்கள். அங்கிருந்தும் போஜ்பூரிலிருந்தும் கிளம்பி வந்தவர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் கட்டடச் சாரத்தில் நிற்கிறார்கள். ‘வடக்கன்’ என்று நம்மில் சிலரே கூச்சமில்லாமல் அழைக்கும் அந்த மனிதர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பிற்படுத்தப்பட்டோர், முஸ்லிம்கள். வேலைத்தளத்துக் கேன் தண்ணீருக்கு வரிசையில் அடுத்த முறை அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்றால், உங்கள் வீட்டுக் குழாய் என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். நண்பர் தன் வீட்டுக்கு எதிரே கட்டடம் கட்டும் இளைஞரிடம் அரைகுறை இந்தியில் கேட்டிருக்கிறார். சிவப்பு என்று சொல்லிவிட்டு, ஆனால் அம்மா இன்னும் அதில்தான் எடுக்கிறாள், பச்சைக் குழாய் தாக்கூர்மார் தெருவில் இருக்கிறது என்றாராம் அவர்.